பிராசசருக்குப் புழுங்குகிறது

கம்ப்யூட்டரின் சூட்டைத் திரை மூலையில் காட்டும் மென்பொருள் ஒன்றை ஏற்றியதிலிருந்து என் நிம்மதி போயிற்று. அதற்கு முன்பும் அது சூடாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாததால் இருவருமே சௌக்கியமாக இருந்தோம். இப்போது ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் 84, 85, 86 என்று ஏறுகிறது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோலக் கேபினட்டை அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன்.

பிராசசர், ஏ.எம்.டி. ரைசன் 5 5600. 90 டிகிரி வரை தாங்கும் என்று கம்பெனியே சொல்கிறது. அதைத் தொட்டால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உயிரை விடாது. ஆகவே அதற்கு ஒரு குறையும் இல்லை. அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ‘ரெய்த் ஸ்டெல்த்’ கூலர் பெட்டியோடு இலவசமாக வந்தது என்பதுதான் குறை. காசு கொடுக்காமல் வந்த பொருளை நம்புகிற வழக்கம் நம்மிடம் இல்லை.

விஷயத்தை வீட்டில் மெதுவாக எடுத்தேன்.

“அதுக்குத்தான் ஏற்கெனவே ஒரு ஃபேன் இருக்கே?”

“இருக்கு. இது இன்னும் நல்ல ஃபேன்.”

“அடுப்பங்கரையில எனக்கு ஒரு ஃபேனும் இல்ல. அங்க எத்தனை டிகிரின்னு காட்ட சாஃப்ட்வேர் எதுவும் வரலையா?”

பதில் தெரியாத கேள்விகளுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போய்விடுவது நல்லது. கடைத் தம்பி ஒரு டவர் கூலரைத் தூக்கி வைத்தார். “நாலு ஹீட் பைப் சார். போட்டீங்கன்னா சில்லுனு இருக்கும்.”

ஹீட் பைப் அருமையான சரக்குதான். செப்புக் குழாய்க்குள் கொஞ்சம் திரவம். சூடு பட்டதும் ஆவியாகித் தகடுகள் பக்கம் போகும், அங்கே சூட்டை இறக்கிவிட்டு மறுபடி திரவமாகித் திரும்பி வரும். சம்பளம் இல்லை, லீவும் இல்லை. ஆனால் அந்தச் ‘சில்’லைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காற்றை ஊதும் எந்தக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே போகாது. கத்திரி வெயிலில் என் அறையே 36 டிகிரி. அட்டைப்பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும் இந்தப் பிராசசர், முழுமூச்சில் 76 வாட் வரை இழுக்கும். அத்தனையும் சூடாகி அறைக்குள்தான் வந்தாக வேண்டும். நல்ல கூலர் போட்டால் அது இன்னும் சுறுசுறுப்பாக என் முழங்காலுக்கு வந்து சேரும்.

அதிகம் தயங்கியதைக் கண்ட தம்பி, நான் பெரிய இடத்தில் கண் வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நாக்டுவா என்.எச்.-டி15 பற்றி ஆரம்பித்தார். ஆஸ்திரியக் கம்பெனி, ஃபேன்களோடு 1.32 கிலோ, காப்பிப்பொடி நிறம். விலை என் பிராசசரின் விலையை எட்டிப் பிடிக்கும். உயரம் 165 மில்லிமீட்டர். என் கேபினட்டில் 160-க்குமேல் இடமில்லை என்றேன், தப்பித்த சந்தோஷத்தோடு.

“கேபினட்டையும் மாத்திடலாம் சார்.”

பழைய கூலரைக் கழற்றுவதும் லேசான காரியமில்லை. இரண்டுக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டு, இழுத்த இழுப்பில் பிராசசரும் சாக்கெட்டை விட்டுக் கூடவே வந்துவிடுவதுண்டு. அடியில் 1331 பின்கள். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியபின் மெல்லத் திருகி எடுக்க வேண்டும் என்பார்கள்.

அதற்குமுன் எதிர்வீட்டு இன்ஜினியரிங் பையன் வந்து எட்டிப் பார்த்தான். “அங்கிள், தூசி தட்டினீங்களா?” ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பெயிண்ட் பிரஷால் ஒரு தட்டு. ஒரு கம்பளிக்கான சரக்கு உதிர்ந்தது. அதே எக்ஸ்போர்ட், இப்போது 77.

துக்கமாக இருந்தது. இருந்த ஒரே காரணத்தைப் பிரஷ் கொண்டு போய்விட்டது. புதுக் கூலர் போட்டாலும் கேம்களில் வேகம் பெரிதாகக் கூடிவிடாது என்பது தெரிந்ததுதான்.

நல்லவேளையாக ஃபேன் சத்தம் மிச்சமிருந்தது. மறுநாள் ஆன்லைன் மீட்டிங்கில், நட்ட நடு மே மாதத்தில், பெங்களூரிலிருந்து ஒருவர் ஆவலாகக் கேட்டார்: “சென்னைல மழையா சார்?”

கூலர் மாற்ற நியாயமான காரணம் சத்தம் ஒன்றுதான் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். நாலு ஹீட் பைப் டவரையே ஆர்டர் போட்டுவிட்டேன். டெலிவரி, அலுவலக முகவரிக்கு.