பிரதமர் இருக்கிறார், கட்சியைக் காணோம்

சோவியத் ஒன்றியம் உடைந்தபின் லாட்வியாவில் 1993இல் நடந்த முதல் தேர்தலில் ‘லாட்வியப் பாதை’ என்ற நடுநிலைத் தாராளவாதக் கட்சி நூறு இடங்களில் 36ஐ அள்ளியது. பழைய கம்யூனிஸ்ட், புலம்பெயர்ந்து திரும்பியவர், பொருளாதார நிபுணர் என்று எல்லா ரகமும் உள்ளே உண்டு. கொள்கை? சந்தை, ஐரோப்பா, நேட்டோ. மற்றதெல்லாம் கூட்டணிப் பேச்சில் பார்த்துக்கொள்ளலாம்.

1995இல் பால்டியா வங்கி கவிழ்ந்து மக்களின் சேமிப்பை விழுங்கியபோது ஆட்சியில் இருந்தது இந்தக் கட்சிதான். அதே ஆண்டுத் தேர்தலில் 17 இடங்கள். அதற்காக ஆட்சியை விட்டுப் போய்விடுவார்களா என்ன? 2002 வரை அமைந்த ஒவ்வொரு அமைச்சரவையிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரதமர் மாறினால் என்ன, இவர்கள் மாறவில்லை.

2002 அக்டோபரில் பிரதமர் ஆன்ட்ரிஸ் பேர்சின்ஸ் இந்தக் கட்சிக்காரர். நாட்டை நேட்டோ வாசல்வரை கொண்டுவந்த தெம்பில் வாக்குக் கேட்டார்கள். மத்திய வங்கித் தலைவராக இருந்த எய்னார்ஸ் ரெப்ஷே புதுக் கட்சி தொடங்கி, ஊழலை ஒழிப்பேன் என்று வந்து முதலிடம் பிடித்தார். பாதைக்குக் கிடைத்தது 4.9 சதவீதம். நாடாளுமன்றத்துக்குள் நுழைய 5 வேண்டும்! அந்த வரம்பு, சில்லறைக் கட்சிகளை வடிகட்டுவதற்காக இருப்பது.

பிறகு 2007இல், பாதிரியார்கள் சேர்ந்து தொடங்கிய பழமைவாதக் கட்சியோடு இணைந்தார்கள். தாராளவாதம் என்றால் தாராளம்தானே. 2011 தேர்தலில் தொழிலதிபர் ஷ்லெசர்ஸின் பெயரைச் சூட்டிக்கொண்டு நின்ற அந்தக் கூட்டுக் கடைக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. அந்த ஆண்டே கடையைச் சாத்திவிட்டார்கள்.