ஹலால் நிலக்கரி

இந்தோனேசிய அரசு 2024 மே மாதக் கடைசியில் ஒரு விதியைத் திருத்தியது. நிலக்கரிச் சுரங்கம் நடத்த இனி மத அமைப்புகளுக்கும் உரிமம் உண்டு. பெரிய கம்பெனிகள் அரசிடம் திருப்பிக் கொடுத்த நிலங்களில் அவர்களுக்கே முன்னுரிமையும் உண்டு. அன்றைய அதிபர் ஜோகோ விடோடோ போட்ட கையெழுத்தின் மை காய்வதற்குள் நஹ்தலத்துல் உலமா கையை நீட்டிவிட்டது. கோடிக்கணக்கான உறுப்பினர்கள், ஆயிரக்கணக்கான மதரஸாக்கள் கொண்ட அமைப்பு அது. எங்களுக்குத் தேவை இருக்கிறது, வாங்கிக்கொள்கிறோம் என்ற பொருளில் அதன் தலைவர் யஹ்யா கலீல் ஸ்தாகூஃப் பேசினார். இந்த வெளிப்படைக்காகவாவது அவருக்கு ஒரு சால்வை போர்த்தலாம்.

இதே அமைப்பு 1994இல் சிபாசுங் மாநாட்டில் ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது: காற்றையும் நீரையும் நிலத்தையும் கேடு விளையும்படி மாசுபடுத்துவது ஹராம், அதோடு குற்றமும்கூட. முப்பது வருடத்தில் அந்த ஹராம் எங்கே போனது? மருந்து அட்டையில்தான் காலாவதித் தேதி அச்சடிப்பார்கள் என்று நினைத்திருந்தோம். ஃபத்வாவுக்கும் உண்டு போலிருக்கிறது. 1899இல், இந்த அமைப்பைப் பிற்பாடு நிறுவிய ஹாஷிம் அஷ்அரி தெபுயிரெங்கில் தன் மதரஸாவைத் தொடங்கியபோது பக்கத்திலேயே டச்சுக்காரர்களின் சர்க்கரை ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஆலையில் பங்கு கொடுங்கள் என்று அவர் மனுப் போடவில்லை. பாவம், பிழைக்கத் தெரியாத மனுஷன்.

என் கோபம் அந்நாட்டின் இன்னொரு பெரிய முஸ்லிம் அமைப்பான முஹம்மதியா மீதுதான் அதிகம். அவர்களுக்கு வழி தெரியும். உலகமயமாக்கல் என்றால் கொடியை எரிப்பதும் மேடையில் கத்துவதும்தான் முஸ்லிம்களின் பதில் என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் வழக்கறிஞர்களோடு அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். நாட்டின் எண்ணெய் வளத்தை அந்நியக் கம்பெனிகளுக்குச் சாதகமாக நிர்வகிக்கிறது என்று அவர்கள் குற்றம் சாட்டிய அரசு அமைப்பு, 2012இல் நீதிமன்றத் தீர்ப்பால் கலைந்தது. உலக வங்கிக் கடனின் நிழலில் பிறந்த தண்ணீர்ச் சட்டம் 2015இல் முழுசாக ரத்தானது. அன்றைய தலைவர் தின் சம்சுத்தீன் காலத்தில் இதற்கு அரசியல் சாசன ஜிஹாத் என்றே பெயர் வைத்தார்கள். வாள் இல்லை, வெடி இல்லை, வழக்குக் கட்டு மட்டும். அப்படிப்பட்டவர்கள்!

2024 ஜூலையில், யோக்யகர்த்தாவில் கூடி யோசித்து, அவர்களும் சுரங்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதை நடத்தப் போட்ட குழுவுக்குத் தலைவர் முஹாஜிர் எஃபெந்தி, அப்போது ஜோகோ விடோடோ அரசின் அமைச்சர். கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் ஒரே சட்டைக்குள். சுற்றுச்சூழல் கெடாமல் தோண்டுவோம், நன்மையைவிடத் தீமை அதிகமானால் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். தோண்டிய மலையை எந்தக் கவுண்டரில் திருப்பிக் கொடுப்பது ஐயா?

கத்தோலிக்க ஆயர்கள் பேரவை, இது எங்கள் வேலையில்லை என்று விலகிக்கொண்டது. அவர்களுக்கும் நடத்த வேண்டிய பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு.

நஹ்தலத்துல் உலமாவுக்கென்று சொல்லப்பட்ட நிலம் கிழக்கு கலிமந்தானில் இருக்கிறது. அதே மாகாணத்தின் தலைநகர் சமாரிண்டா. அந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் போய்ப் பார்க்கட்டும். நிலக்கரியை வழித்துக்கொண்டு போனவர்கள் மூடாமல் விட்ட குழிகளில் மழைத் தண்ணீர் நிற்கிறது. பலவற்றுக்கு வேலி கிடையாது. 2011இலிருந்து அந்த மாகாணத்தில் நாற்பது பேருக்கு மேல் மூழ்கிச் செத்திருக்கிறார்கள், பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். செத்த பிறகும் நன்மை வந்துகொண்டே இருக்கும் தர்மத்துக்கு ஸதகத்துல் ஜாரியா என்று பெயர். கிணறு வெட்டி வைப்பது அதில் சேர்த்தி. இனி நிலக்கரிக் குழியையும் சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீருக்குத்தான் குறைவில்லையே.

2023 நவம்பரில் இந்தோனேசிய உலமா கவுன்சில் காஸாவுக்காக ஃபத்வா கொடுத்தது. இஸ்ரேலோடு தொடர்புள்ள சரக்கை இயன்றவரை ஒதுக்குங்கள் என்றது. இளைஞர்கள் அமெரிக்கக் காப்பிக் கடையையும் கோழிக் கடையையும் விட்டு விலகினார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் நெஞ்சு சுத்தம். ஆனால் இந்த அமைப்புகளின் பெரியவர்கள் காட்டும் எதிர்ப்பு காப்பிக் கடை வாசலோடு நின்றுவிடுகிறது. கரி கப்பலேறிச் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் போகும்போது சர்வதேசச் சந்தை அவர்களுக்கு மாமன் மச்சான் ஆகிவிடுகிறது. நாமும் ரொம்ப நிமிர வேண்டாம், அந்தக் கரி நம் துறைமுகங்களிலும் இறங்குகிறது.

குழியை மூடுவதற்குச் சுரங்கக்காரர் முன்பணம் கட்டி வைக்க வேண்டும் என்று இந்தோனேசியாவில் சட்டம் இருக்கிறது. அந்தப் பணத்தை ஜும்ஆ முடிந்ததும் துண்டு விரித்துத் திரட்டுவார்களோ என்னவோ. திரட்டட்டும். அன்றைக்குக் குத்பா ஓதப்போகும் ஹஸ்ரத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: சமாரிண்டாவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களை முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, அப்புறம் வாயைத் திறங்கள்.