கை கியரின் அணிசேராக் கொள்கை

1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகமே சாந்தமாகக் கைமாறிய இப்புதுச்சேரியில், பம்பாய்க் குர்லாவில் ஜனித்த என் பிரீமியர் பத்மினியின் ஸ்டியரிங் தண்டில் வீற்றிருக்கும் கை கியர் மட்டும், மிஷன் வீதியில் முதல் கியரைக் கேட்டால் மூன்றாவதைப் பிரசாதிப்பதும், நேரு வீதியின் நட்டநடுவில், பின்னால் நிற்போர் ஹாரனால் அர்ச்சிக்க, நியூட்ரலில் நின்று அணிசேராக் கொள்கையை அனுஷ்டிப்பதுமாகச் சுயராஜ்யம் நடத்திவந்தது. கியர்க்கோலையும் கியர்ப்பெட்டியையும் இணைக்கும் கம்பிகளின் மூட்டில், நகக்கண்ணளவு புஷ் ஒன்று தேய்ந்ததே இத்தனை அனர்த்தத்துக்கும் மூலம் என்று மெக்கானிக் ரோக நிர்ணயம் செய்தார். பத்மினியின் உற்பத்தி நின்று இருபதாண்டுகளுக்கு மேலாயிற்று. அசல் புஷ்ஷுக்கு எங்கே போவது? சைக்கிள் டியூபைக் கத்தரித்துச் சுற்றிவிட்டார். முன்கியர் நான்கும் இப்போது சொன்னபடி கேட்கின்றன. ரிவர்ஸ்தான் விழவில்லை, ஆகவே, தள்ளிவிட ஆள் அகப்படும் இடமாகப் பார்த்தே வண்டியை நிறுத்துகிறேன்.