பிடி மாமா

ஜாசின் காப்பிக்கடையில் தே ஓவை ஆற வைத்துவிட்டு, மேசைக்காலை விரலால் சுண்டிப் பார்த்து, "மெராந்தி... போகட்டும்" என்று உதட்டைப் பிதுக்குகிற கிழவர் கண்ணில் பட்டால் அவர்தான் பிடி மாமா. பெம்பானில் ஒருவர் உண்டு, மெர்லிமாவில் ஒருவர் உண்டு. எங்கள் தாமானில் இருப்பவர் எனக்குத் தூரத்துச் சொந்தம்.

அவருடைய பிடி வியாதிக்கு மூலம் துரை. 1948-ல் தொடங்கி 1960 வரை இழுத்த அவசரகாலத்தில் தோட்டத்துத் துரைமார் ரிவால்வரும் இடுப்புமாக நடமாடினார்கள். லயத்து வாசலில் மூக்கொழுக நின்ற மாமாவின் கண்ணுக்கு, உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பிடி மட்டும்தான் தெரிந்தது. கறுகறுவென்று மின்னியதாம். அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

ரிவால்வர் வாங்க வழியில்லை. 1971-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி, உரிமமில்லாமல் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. மாமி போடுகிற சத்தத்தையே தாங்காத உடம்பு அது. ஆகவே ஆசை முழுவதும் பாராங்கத்திமேல் இறங்கிவிட்டது.

ஆனால் பேச்சு மட்டும் ரிவால்வர் பேச்சுத்தான். "ரெண்டு பக்கமும் ரெண்டு கட்டை, ஊடால ஒரே திருகாணி. அவ்வளவுதான்லா. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்ல ஜே ஃபிரேம் பிடிய கே ஃபிரேம்ல மாட்டிப் பாரு, உக்காராது. கை சின்னவனுக்குப் பெரிய பிடி போட்டா சுடுறப்போ உள்ளங்கைக்குள்ள சுத்தும்." கேட்பவர் கையில் இருப்பதோ வாழைத்தார் வெட்டுகிற கத்தி.

இருபது வெள்ளிக் கத்திக்கு ஆறு மாதமாகப் பிடி தேடுகிறார். அந்தக் கறுப்பு மரம், துரையின் மரம், அதுதான் வேண்டும். கிரிஸ் பிடிக்கு மலாய்க்காரர் விரும்பிப் போடுகிற கெமுனிங் கட்டை ஒன்று கிடைத்தது. முகர்ந்தார், கன்னத்தில் உரசினார், நாக்கு நுனியால் தொட்டும் பார்த்துவிட்டார். "நல்ல மரம். கறிவேப்பிலைக்குச் சொந்தம். ஆனா மஞ்சள்." தள்ளுபடி. அப்படியானால் கருங்காலியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, செங் சன்னாசிமலை மாசி மகத்தில் கருங்காலி மாலை விற்கிறவரிடம் போய், மணியாக உருட்டாத முழுக்கட்டை இருக்கிறதா என்று கேட்டாராம். அந்த ஆள் பயந்துபோய் விபூதி பூசி அனுப்பியிருக்கிறார்.

"ரப்பர் மரத்துல போடலாமே மாமா? மூவார்ல அதுலதானே மேசை நாற்காலி செஞ்சு கப்பல்ல ஏத்துறான்?"

"டேய், அது கரையானுக்கு நாசி லெமாக்."

ரப்பர் என்றாலே அவருக்கு இளப்பம். அதில் நியாயமும் உண்டு. தான் சாய் யான் என்ற சீனர் 1896-ல் இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், ரப்பர் கன்றுகளை வரிசை வரிசையாக நட்டுத் தோட்டம் போட்டார். அதிலிருந்து மூன்று தலைமுறை, மாமா உட்பட, இருட்டோடு எழுந்து பால் வெட்டியது. சட்டையில் ஏறிய ஒட்டுப்பால் நாற்றம் சோப்புக்கு அடங்காது. அதை யார் கொஞ்சுவார்கள்?

மாமியின் கத்தி வேறு வகை. பிடி உடைந்த அன்றே பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றிவிட்டாள். வழுக்காது. போன மாதம் கால்வாயில் பாம்பு வந்தபோது மாமா கூர்தீட்டிய கத்தியோடு பாய்ந்து வந்தார். கத்தியில் பிடியில்லை, வெறும் வால்தான் நீட்டிக்கொண்டிருந்தது. சோதனைக்காகச் செதுக்கிய பிடி எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. ட்யூப் கத்திதான் வேலையை முடித்தது.

சென்ற வாரம் என் மகன் கைப்பேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். 1915-ல் வந்த வெப்லி மார்க் 6 ரிவால்வர்.

"இதேதான்! துரையோடது! பாத்தியா அந்தக் கறுப்பு? என்னா மரம்னு போட்டிருக்கான்?"

"மரம் இல்ல தாத்தா. வல்கனைட். ரப்பர்ல கந்தகம் நிறையப் போட்டு வேக வச்சா இப்படிக் கெட்டியாயிடுமாம்."

மாமா படத்தைச் சுண்டிப் பார்த்தார். கண்ணாடிச் சத்தம் கேட்டது. தே ஓவில் ஏடு படிந்தது. வீட்டுக்குப் போனவர், மாமியிடம் கேட்ட ஒரே கேள்வி:

"அந்த ட்யூப் மிச்சம் இருக்கா?"

"கோழிக்கூண்டுக் கதவுக்குக் கட்டிட்டேன்."