மொட்டை மாடிக் கம்பியும் மூன்று கேள்விகளும்

மொட்டை மாடியில் ஒருவர் ஹாம் ரேடியோ எனும் அமெச்சூர் வானொலிக்கு ஆன்டெனா கட்டினால் போதும், தெருவே விசாரணைக் கமிஷனாகிவிடும்.

"சார், இதுல சீரியல் வருமா?" வராது; இது வானொலியில் பேசுவதற்கான கம்பி. 40 மீட்டர் அலைவரிசைக்குச் சுமார் 20 மீட்டர் கம்பி வேண்டும். மாடி அவ்வளவு நீளமில்லை என்பதால் பக்கத்து வீட்டுத் தென்னைமரத்திடம் சமாதானப் பேச்சு நடக்கிறது, அவ்வளவுதான்.

"லைசென்ஸ் வேணுமா?" கட்டாயம். 12 வயது நிரம்பியவர்கள் மத்திய அரசின் தேர்வை எழுதலாம். மோர்ஸ் தந்திமொழி தெரியாதவர்களுக்கு ஒரு நிலை. நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் அது தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் நிலை. ராஜீவ் காந்திக்கே வி.யூ.2.ஆர்.ஜி. என்ற அழைப்புக்குறி இருந்தது. சிபாரிசுக் கடிதத்தை நீட்டி மைக்கைப் பிடிக்க முடியாத அபூர்வ இடம் இது.

"இதுல என்ன சார் வருமானம்?" ஒரு பைசா கிடையாது. வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. ஹாம் சங்கத்தில் சேர்ந்தால் சால்டரிங் புகையும், ஆன்டெனாவைப் பற்றிய முடிவில்லாத பட்டிமன்றமும் இலவசம். பழைய கேபிளைத் தூக்கிக் கொடுக்க ஆள் உண்டு. திருப்பிக் கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆனால் 2004 சுனாமியில் அந்தமானின் தொலைபேசிகள் ஊமையானபோது, இந்த 'வேலையற்ற' ஹாம்கள்தான் அங்கிருந்து செய்தி அனுப்பினார்கள்.

உங்கள் பிள்ளைக்கு 12 வயது முடிந்துவிட்டதா? தயவுசெய்து இதற்கும் ஒரு கோச்சிங் சென்டர் தேடாதீர்கள். பக்கத்திலுள்ள சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள்.