மசில் காரில் ஏ.சி. பொருத்துதல்: தடையும் விடையும்

மசில் கார் எனப்படுவது, நடுத்தர அளவுள்ள இரண்டு கதவுக் காரின் உடலுக்குள் அதைவிடப் பெரிய காருக்கென்று வார்த்த எட்டு சிலிண்டர் எஞ்சினை இறக்கி, நேர்சாலையில் கால் மைல் தூரத்தை எத்தனை நொடியில் கடக்கலாம் என்ற ஒரே கேள்விக்கு விடையாக, அமெரிக்கக் கம்பெனிகள் 1960களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை விற்ற வண்டியாகும். இவ்வகையில் முதலாவது என்று பெரும்பாலோர் கொள்வது 1964-ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று பான்டியாக்கின் தாய்க் கம்பெனியாகிய ஜெனரல் மோட்டார்ஸின் தலைமையகம் விதித்திருந்த காலத்தில், பான்டியாக் பொறியாளர் ஜான் டெலோரியனும் அவர் குழுவினரும் 389 கன அங்குல எஞ்சினைப் புதிய காராக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற சாதுவான காருக்கு விரும்பியவர் சேர்த்துக்கொள்ளக்கூடிய கூடுதல் வசதி என்று பட்டியலில் எழுதி, விதியை முறிக்காமலே தாண்டினர். ஏ.சி.யும் அதே போன்றதொரு கூடுதல் வசதியாகவே விற்கப்பட்டது. வேகமும் குளிரும் ஒரே பட்டியலில் அருகருகே இருந்தும், முன்னதற்கு டிக் அடித்தவர்களில் மிகப் பலர் பின்னதற்கு அடிக்கவில்லை. அந்த விடுபட்ட டிக்கை ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழித்துத் தம் சொந்தச் செலவில் அடிக்க முற்படுவோரின் செயலே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

காருக்குள் குளிர்காற்று என்பது மசில் காரைவிட மூத்தது. பேக்கார்டு கம்பெனி தன் 1940 மாடலுக்கு அதை 1939-இல் அறிமுகப்படுத்தியபோது, குளிரூட்டும் பகுதி வண்டியின் பின்பக்கத்தில் இருந்தது. கம்ப்ரஸரை எஞ்சினிலிருந்து விலக்கும் கிளட்ச் அதில் இல்லாமையால், குளிர் வேண்டாதவர் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டியிருந்தது. 1954-இல் நாஷ் கம்பெனி அமைப்பு முழுவதையும் வண்டியின் முன்பக்கத்திலேயே அடக்கி ஹீட்டரோடு இணைத்துவிட்டது. ஆகவே 1968-இல் ஒருவர் ஏ.சி. இல்லாத காரை ஓட்டிச் சென்றாரென்றால், அது உலகில் இல்லாமையால் அன்று என்பது பெறப்படும்.

வேண்டாமென்று விட்டதற்குக் காரணம் என்னை எனின், முதலாவது காசு, இரண்டாவது கௌரவம், மூன்றாவது எந்திரவியல். 1968-இன் பிளிமத் ரோடு ரன்னர் 3,000 டாலருக்குள் வேகத்தை விற்கும் நோக்கத்தோடு தரைவிரிப்பைக்கூடக் கைவிட்டு ரப்பர் பாய் போட்டு வந்த கார். அதன் கம்பெனி, ரோடு ரன்னர் என்ற கார்ட்டூன் பறவையின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்துவதற்காக வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு 50,000 டாலர் கொடுத்து, அப்பறவையைப் போலக் கூவும் ஹாரனையும் பொருத்தியது. தரைவிரிப்பு ஆடம்பரம், பறவைக்குரல் அத்தியாவசியம் என்ற இந்த முடிவை நுணுகி நோக்கினால் மசில் காரின் தத்துவம் முழுவதும் விளங்கிவிடும். எந்திரவியற் காரணமும் மெய்யானதே. 426 கன அங்குல ஹெமி எஞ்சின் கேட்டவருக்குப் பிளிமத்தின் தாய்க் கம்பெனியாகிய கிரைஸ்லர் ஏ.சி. தரவில்லை, பந்தய விதிகளுக்காகவே பிறந்த 1967–69 காமரோ இசட்-28-க்கு ஷெவர்லேயும் தரவில்லை. எஞ்சின் வெகுவேகமாகச் சுழலும்போது பெல்ட்டால் பிணைக்கப்பட்ட கம்ப்ரஸரும் அளவுமீறிச் சுழன்று கெடும் என்பதால், ஏ.சி. உள்ள கார்களுக்கு வேகப் பாய்ச்சலுக்குரிய பின் அச்சுப் பல்சக்கர விகிதங்களும் மறுக்கப்பட்டன.

ஏ.சி. இல்லாதார் கையாண்ட மாற்று முறையை அமெரிக்கர் ‘நான்கு–அறுபது’ என்று கேலியாகக் குறிப்பர். நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓட்டுவது என்பது அதன் இலக்கணம். இம்முறைக்குப் பராமரிப்புச் செலவு இல்லை, கேஸ் கசியாது, பெல்ட் அறாது. இதன் ஒரே குறை, வண்டி நின்றால் அதுவும் நின்றுவிடுவது. டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூ 1960களில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் நடந்த சாலை. 1995 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் பழைய கார்களெல்லாம் அங்கே திரண்டு ஊர்வலம் போகின்றன. அந்த ஊர்வல நாளில் அச்சாலையில் 60 மைல் என்பது கனவு. நடந்து போகிறவர் முந்திச் செல்கிறார். எஞ்சினையும் பயணிகளையும் பிரிக்கும் தகட்டுச் சுவராகிய ஃபயர்வாலின் வழியே சைலன்சர் குழாய்களின் வெப்பம் பாதத்தில் ஏற, கறுப்பு வினைல் இருக்கை தொடையோடு ஒட்டிக்கொள்ள, 1969-இல் இருபது வயதில் இதைப் பொருட்படுத்தாத அதே மனிதர் இன்று எழுபதைத் தாண்டிய நிலையில், பக்கத்து இருக்கையில் இருக்கும் மனைவியின் மௌனத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டியவராகிறார். ஏ.சி. பொருத்தும் முடிவுகளில் பெரும்பகுதி இம்மௌனத்திலிருந்தே பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

இனி, தடையும் விடையும். ஏ.சி. எஞ்சின் சக்தியைத் தின்னும், எடையைக் கூட்டும், ஆகவே மசில் காரின் அறத்துக்கு மாறானது என்பது முதல் தடை. அற்றன்று, 1962 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் பயன்படுத்திய ஃப்ரிஜிடேர் ஏ-6 கம்ப்ரஸர் சுமார் 16 கிலோ எடையுள்ள இரும்புப் பிண்டமாக இருந்ததாகலின் அன்று இத்தடை செல்லும், இன்று பொருத்தப்படும் சாண்டன் வகைக் கம்ப்ரஸர் அதில் ஏறக்குறைய பாதி எடையே. அது பிடுங்கும் சில குதிரைத்திறன், முந்நூறு, நானூறு என்று சொல்லிக்கொள்ளும் எஞ்சினுக்கு ஒரு பொருட்டன்று. மேலும், வாரத்தில் ஒரு நாள் ஐஸ்கிரீம் கடை வரை போய்வரும் வண்டிக்குக் கால் மைல் நேரத்தில் பத்தில் ஒரு நொடி குறைந்தாலென்ன, கூடினாலென்ன? இவ்வினாவை உரிமையாளரிடம் நேரில் கேட்பது பாதுகாப்பன்று.

இரண்டாம் தடை கனமானது. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையே காரின் உண்மை நிலை, அதில் ஒரு திருகாணி மாறினாலும் அது வேறு கார் என்று ஒரு சாரார் கொள்வர். எஞ்சின் மீது பொறித்த எண் வண்டியின் எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்க்கும் இவர்களுக்கு, ஃபயர்வாலில் புதிதாக ஒரு துளை போடுவது கோயில் கல்வெட்டில் ஆணியடிப்பதற்குச் சமம். துளையை அடைக்கலாம், போடாததாக்க முடியாது என்ற அளவில் இவர்கள் சொல்வது சரியே. ஆனால் சான் அன்டோனியோவின் விண்டேஜ் ஏர் முதலிய கம்பெனிகள், பழைய ஹீட்டர் குழாய்களுக்கென்று ஏற்கெனவே உள்ள திறப்புகளைப் பெரும்பாலும் பயன்படுத்திக்கொண்டு, எஞ்சியதைத் தகடு வைத்து மூடி, டேஷ்போர்டில் பழைய ஹீட்டர் நெம்புகோல்களே புது ஏ.சி.யை இயக்கும்படி ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி கிட் செய்து விற்கின்றன. அக்காலத்தில் டேஷ்போர்டுக்கு அடியில் தனிப்பெட்டியாகத் தொங்கவிட்டு, ஏறி இறங்கும்போதெல்லாம் முட்டியைப் பதம்பார்த்த ஏ.சி.க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே: அது தன் இருப்பை ஊருக்கு அறிவித்தது, இதற்குப் பணம் கொடுப்பதே, இல்லாதது போல் அது இருப்பதற்காக.

பொருத்தும் முறைமைக்கு வருவோம். ஏ.சி.யின் செயல் சுருக்கமானது: கம்ப்ரஸர் கேஸை அழுத்திச் சூடேற்ற, ரேடியேட்டருக்கு முன் நிற்கும் கண்டென்சர் அச்சூட்டை வெளிக்காற்றில் விட்டு அதைத் திரவமாக்க, எக்ஸ்பான்ஷன் வால்வு என்னும் நுண்துளை வழியே அத்திரவம் பீறிட்டு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஏட்டில் இவ்வளவே. காரிலோ, ஒருவர் மட்டும் வருகிறேன் என்று கடிதம் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்து இறங்கும் விருந்தாளியைப் போன்றது ஏ.சி. கம்ப்ரஸருக்குத் தாங்கி வேண்டும். அதை ஓட்ட எஞ்சின் முகப்பில் இன்னொரு பள்ளமுள்ள புல்லி வேண்டும். கண்டென்சர் தன் சூட்டையெல்லாம் பின்னாலுள்ள ரேடியேட்டரின் முகத்தில் ஊதுவதால், ஏற்கெனவே மூச்சுத்திணறும் ரேடியேட்டரை மாற்ற வேண்டும். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் விசிறி மெதுவாகச் சுழல்வதால் மின்விசிறி வைக்க வேண்டும். அந்த மின்விசிறியும் காற்றுமோட்டாரும் கேட்கும் மின்சாரத்தை 37 ஆம்பியர் தரும் பழைய ஆல்டர்னேட்டர் தரமாட்டாததால் அதையும் மாற்ற வேண்டும். ஆல்டர்னேட்டர் மாறினால் அதன் பழைய ஒயர் தாங்காது. இவ்வளவும் செய்து குளிர் வந்தபின், கூரைக்கும் தரைக்கும் வெப்பத்தடுப்பு விரிக்காவிடில் அது வந்த வழியே போய்விடும் என்று தெரியவரும். கிட்டின் விலையைக் கேட்டுத் தொடங்கியவர் எவரும் அவ்விலையில் முடித்ததாகத் தெரியவில்லை.

இவற்றினும் நுட்பமானது ஐடிலிங் சிக்கல், அதாவது வண்டி நிற்கையில் எஞ்சின் சுழலும் நிலை பற்றியது. வால்வுகளை நெடுநேரம் திறந்துவைக்கும் பந்தயக் கேம்ஷாஃப்ட் பொருத்திய எஞ்சின், நிற்கும்போது சீராக ஓடாது, ‘டப்-டப்... டப்’ என்று தாளம் தப்பித் தள்ளாடும். அத்தள்ளாட்டமே உரிமையாளரின் பெருமிதம். அதைக் கேட்பதற்காகவே சிலர் சாவியைத் திருப்புவர். இந்த நேரத்தில் கம்ப்ரஸரின் காந்தக் கிளட்ச் ‘டக்’கென்று ஒட்டுமானால், ஏற்கெனவே ஒற்றைக்காலில் நிற்கும் எஞ்சின் குனிந்து, குலுங்கி, சில வேளைகளில் நடுச்சாலையில் அணைந்தேவிடும். தொழிற்சாலை ஏ.சி.யின் காற்றுக் கதவுகளை அசைத்தது எஞ்சினின் வெற்றிடம். இத்தகைய கேம்ஷாஃப்டில் வெற்றிடம் போதாமையால் புதிய கிட்கள் அவ்வேலையைச் சிறு மின்மோட்டார்களிடம் ஒப்படைத்துவிட்டன.

கேஸ் பற்றிச் சிறிது கூற அமையும். பழைய ஏ.சி.க்கு உரியது ஆர்-12. ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987-இன் மான்ட்ரியால் உடன்படிக்கையின் வழி அதன் உற்பத்தி அமெரிக்காவில் 1995 இறுதியோடு நின்றது. பின்வந்த ஆர்-134ஏ-வின் மூலக்கூறு சிறியதாகையால் பழைய ரப்பர் குழாயின் உடல் வழியாகவே கசியும். அதற்கென்று உட்பூச்சுள்ள குழாய் வேண்டும். ஈரம் உறிஞ்சும் டிரையரின் மூடியை, எல்லா இணைப்பும் முடிந்து கடைசியில்தான் திறக்க வேண்டும் என்பது பொருத்துவோர் மரபு. ஒரு கிலோவுக்கும் குறைவான இந்தக் கேஸுக்காக முன்சொன்ன அத்தனையும்.

டேஷ்போர்டுக்குள் புது அமைப்பு நுழைந்ததும் அங்கிருந்த க்ளவ் பாக்ஸ் இடமிழக்கிறது. கிட்டோடு அதைவிடச் சிறிய அட்டைப் பெட்டியொன்று தரப்படுகிறது. காரின் பதிவுச் சீட்டை மடித்து வைக்கலாம், கையுறை வைக்க நினைக்கக் கூடாது.

இறுதியாக, அறிஞர்களிடையே இன்னும் தீராதது முழங்கைச் சிக்கல். மசில் கார் ஓட்டுபவரின் இடது முழங்கை கதவின் மேல் விளிம்பில் வெளியே தெரிய இருத்தல் மரபு, ஏ.சி. வேலை செய்யக் கண்ணாடி ஏற்றியிருத்தல் இயற்பியல். கண்ணாடியை ஏற்றினால் குளிர் நிற்கும், ஆனால் சைலன்சரின் உறுமல் உள்ளே மங்கிவிடும். ஓட்டுபவர் யாரென்று நடைபாதையில் நிற்பவருக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கான டாலர் செலவில் மௌனத்தைத் தீர்த்துக்கொண்டவர், அதே செலவில் இன்னொரு மௌனத்துக்குள் அகப்பட்டுக்கொள்கிறார். நடைமுறையில் காணப்படும் சமரசம் வலப்பக்கக் கண்ணாடி முழுதும் ஏற்றி, இடப்பக்கம் முழுதும் இறக்கி, விசிறியை உச்சத்தில் வைப்பதாகும். இதில் மனைவிக்குப் பாதிக் குளிரும், கணவருக்கு முழு உறுமலும், உட்வர்ட் அவென்யூவின் ஆகஸ்ட் மாதத்துக்கு எஞ்சிய பாதிக் குளிரும் கிடைக்கின்றன. மூடிய அறையைக் கருத்தில் வைத்தே கிட் செய்வோர் குளிர்த்திறனைக் கணக்கிடுகிறார்கள். முழங்கைக்கென்று அதில் இடம் ஒதுக்கியவர் இதுவரை ஒருவருமிலர்.