கேளிக்கைத் தலங்களில் உயர்தர உணவின் தேவை: காவிரிப் படுகையை முன்வைத்து ஒரு புளியோதரை ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

குடும்பத்தோடு பொழுதுபோக்கப் போகிற இடத்தில் உயர்தர உணவகம் ஒன்று இருந்தே ஆக வேண்டுமா என்ற கேள்வியை அறிவுலகம் உரிய மரியாதையோடு அணுகியதில்லை. ராட்டினத்தின் உயரத்தை அளக்கிறார்கள், நீர்ச்சறுக்கின் நீளத்தை விளம்பரம் செய்கிறார்கள். ராட்டினத்திலிருந்து தலைசுற்றி இறங்கியவர் அடுத்து எதைச் சாப்பிடுவார், யார் பரிமாறுவார், கடைசியில் யார் சாப்பிடுவார் என்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. இப்பெருங்குறையைப் போக்கும் முதல் முயற்சி இக்கட்டுரை. முதல் முயற்சி என்பதால் பிழைகள் மன்னிக்கப்படும். இரண்டாவது முயற்சி இருக்காது என்பதால் அவை திருத்தப்படமாட்டா.

உலகெங்கும் தீம் பார்க்குகள் இருக்க, தஞ்சாவூர்ச் சீமையை ஆய்வுக்களமாகக் கொண்டது ஏன் என்று கேட்கலாம். காரணங்கள் மூன்று. சோறு என்பது இங்கே எல்லாரும் முனைவர் பட்டம் பெற்ற துறை. நுழைவுச்சீட்டு என்ற ஒன்று கண்டுபிடிக்கப்படுமுன்பே இங்குள்ள குடும்பங்கள் தண்ணீர் பார்க்கக் கூட்டமாகக் கிளம்பியிருக்கின்றன. மேலும், ஆய்வாளருக்குப் பேருந்துக் கட்டணம் கட்டுப்படியாகும்.

2. களமும் எல்லையும்

முதற்களம் கல்லணை. கரிகாலன் கட்டியதாக மரபு சொல்லும் இந்த அணையில்தான் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று மக்கள் அழைக்கும் கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. பாசனப் பொறியாளர்கள் இங்கு வந்தால் மணற்படுகையின்மேல் இத்தனை காலம் நிற்கும் அடித்தளத்தை வியப்பார்கள். மற்றவர்கள் பொரித்த மீனின் மசாலாவை வியப்பார்கள். வியப்பின் அளவில் வேறுபாடு இல்லை.

இரண்டாவது முக்கொம்பு. ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய மேலணை. டெல்டாவின் தண்ணீரைப் பங்கிடுவதற்காக எழுந்த இந்த அணையின் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பங்கிடப்படுவது பெரும்பாலும் தயிர்சாதம்.

மூன்றாவது, பெரிய கோயிலை ஒட்டியுள்ள சிவகங்கைப் பூங்கா. தஞ்சை நகராட்சி 1871-72-இல் மக்களுக்காக உருவாக்கியது. வால்ட் டிஸ்னி கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்தைத் திறந்தது 1955-இல். ஆக, குடும்பக் கேளிக்கைத் துறையில் தஞ்சாவூர் 80 ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. இச்செய்தியைக் கலிபோர்னியாவுக்கு யாரும் முறையாகத் தெரிவித்ததாகத் தெரியவில்லை.

நான்காவது, ஆடிப் பதினெட்டு அன்று திருவையாற்றிலிருந்து கடைமடை வரையுள்ள எல்லாப் படித்துறைகளும். ஐந்தாவது, அண்மைக்காலத்தில் ஆற்றங்கரைகளில் முளைத்திருக்கும் ‘கிராமிய’ விடுதிகள். இவற்றுக்குக் கட்டுரையின் பிற்பகுதியில் தனி இடம் உண்டு, விலையும் தனிதான்.

3. அயல்நாட்டுச் சான்றுகள்

புளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் கிராண்ட் புளோரிடியன் என்ற விடுதி 1988-இல் திறக்கப்பட்டது. அதனுள் ‘விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ்’ என்றோர் உணவகம். சிறுசிறு அளவில் பல வகைகள், ஒவ்வொன்றாக, நிதானமாக வரும். 2024-இல் அதற்கு மிஷலின் நட்சத்திரமும் கிடைத்தது. ஆனால் 2008 முதல் அங்கே ஒரு விதி: 10 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதியில்லை. குழந்தைகளுக்காகவே கட்டிய ஊரில் ஆகச் சிறந்த சாப்பாடு குழந்தைகள் இல்லாத அறையில்தான் கிடைக்கிறது என்பது இச்சான்றின் முதற்பயன். இரண்டாவது பயன் கட்டுரையின் இறுதியில் வரும்.

அடுத்த சான்று பிரான்சு. பாரிசுக்கு அருகே 1992-இல் யூரோ டிஸ்னி திறக்கப்பட்டபோது பூங்காவுக்குள் மது கிடையாது என்றார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு கோப்பை ஒயின் இல்லாமல் குடும்பப் பொழுதுபோக்கு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று பிரெஞ்சுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். 1993-இல் நிர்வாகம் இறங்கிவந்தது. எந்த நாட்டு மக்களும் ஓர் எலியின் பொருட்டுத் தங்கள் சாப்பாட்டு வழக்கத்தை மாற்றிக்கொள்வதில்லை என்பது இதனால் நிறுவப்படுகிறது.

நம்மூருக்கு வந்தால், ஒயினின் இடத்தில் புளியோதரை நிற்கிறது. பல கேளிக்கைப் பூங்காக்களின் வாசலில் ‘வெளி உணவுக்கு அனுமதி இல்லை’ என்று எழுதியிருப்பார்கள். பையைத் திறந்து பார்க்கும் காவலருக்கு எவர்சில்வர் தூக்கைக் கண்டதும் வரும் முகபாவம், விமான நிலையத்தில் கத்தியைக் கண்டவர் முகத்தில்கூட வராது. இவ்விதி டெல்டா மக்களின் நெஞ்சில் ஏற்படுத்திய காயம் தனி ஆய்வுக்குரியது.

4. கட்டுச்சோற்றுக் கோட்பாடு

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. நீரிருப்புப் போதாமல் அது தள்ளிப்போகும் ஆண்டுகளும் உண்டு. அப்படிப்பட்ட ஆண்டுகளில் ஆடிப் பதினெட்டன்று படித்துறையில் ஆழ்குழாய்த் தண்ணீரில் கும்பிட்டு முடிக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டிலும் புளியோதரை தவறாமல் வந்துவிடுகிறது. எனவே இவ்விழாவில் மாறக்கூடியது ஆறு, மாறாதது கட்டுச்சோறு என்று கொள்வதில் தவறில்லை. பெண்கள் காதோலை கருகமணி வைத்துக் காவிரிக்குப் படைக்கிறார்கள், காப்பரிசி தருகிறார்கள், மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் சப்பரம் இழுக்கிறார்கள். ஆண்கள் மரநிழலில் உட்கார்ந்து ‘எப்ப எலை போடுவீங்க?’ என்கிறார்கள்.

இந்தக் கட்டுச்சோற்றின் பொறியியலைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. புளிக்காய்ச்சல் முதல்நாள் இரவே நல்லெண்ணெயில் சுண்டிவிடும். புளியும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து, நீரும் வற்றிவிடுவதால் ஆடி வெயிலிலும் கெடாது. தயிர்சாதத்தில் தயிரைக் குறைத்துப் பாலை நிறைய ஊற்றிப் பிசைவார்கள். மதியம் பிரிக்கும்போது அது புளித்திருக்காது, அப்போதுதான் உறைந்திருக்கும். வாழையிலையைத் தணலில் வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது. எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல், மோர்மிளகாய், வடகம் எல்லாம் அதனதன் பாத்திரத்தில், அதனதன் வரிசையில் வரும்.

இப்போது முந்தைய பகுதியை நினைவுகூர்க. பல வகைகள், சிறுசிறு அளவில், ஒன்றன்பின் ஒன்றாக. எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை சாப்பிடுபவருக்கு இல்லை. சமைத்தவரே நேரில் வந்து ‘எப்படி இருக்கு?’ என்று கேட்பார்; அதற்கு ஒரேயொரு விடைதான் அனுமதிக்கப்படும். மிஷலின்காரர்கள் நட்சத்திரம் குத்துவது இதே முறைக்குத்தான். ஆகவே காவிரிக் கரையில் உயர்தர உணவு நெடுங்காலமாக இருந்துவருகிறது, தனியாக உணவகம் தேவையில்லை என்று இவ்வாய்வு இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. களப்பணி குறுக்கிட்டது.

5. களப்பணி

‘வெளியில் போகும்போது நல்ல ஓட்டல் வேண்டுமா, கட்டுச்சோறு போதுமா?’ என்ற கேள்வி ஆய்வாளரின் சொந்தங்களிடையே முன்வைக்கப்பட்டது. பெரியப்பா, “நம்ம வூட்டுப் புளிச்சோத்துக்கு ஈடு இணை உண்டாடா?” என்றார். மாமா, ஓட்டல் எண்ணெயின் தீமைகளைப் பற்றி, வடையைக் கையில் வைத்துக்கொண்டே நீண்ட உரை நிகழ்த்தினார். சித்தப்பா இரண்டு கருத்துகளையும் ஆதரித்துவிட்டு உறங்கிப்போனார்.

அடிப்பிடித்த பாத்திரத்தை ஆற்றுமணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த அத்தை மட்டும் தலையைத் தூக்காமல், “ஏன்டா தம்பி, ஒருநாளு ஓட்டல்ல சாப்ட்டா காவேரி கோச்சிக்குமா?” என்றார். இக்கூற்று குடும்பத்தின் ஒருமித்த தீர்மானத்தில் இடம்பெறவில்லை.

தரவுகளை ஒப்பிட்டதில் ஒரு விதி துலங்கியது. கட்டுச்சோற்றின்மீது ஒருவருக்குள்ள பற்று, அன்று காலை அவர் எவ்வளவு தாமதமாக எழுந்தாரோ அதற்கேற்பக் கூடுகிறது. விடிந்து வெயில் வந்தபின் எழுந்தவர்கள் வீட்டுச் சாப்பாட்டின் காவலர்கள். கோழி கூவுமுன் எழுந்து அடுப்பு மூட்டியவர்கள் ஓட்டல் கட்சி. வயது, படிப்பு, வருமானம் எதுவும் இவ்விதியை அசைக்கவில்லை.

இதனால் தொடக்கத்தில் கேட்ட கேள்வியே தவறோ என்ற ஐயம் எழுகிறது. சாப்பாடு எவ்வளவு உயர்ந்தது என்று கேட்டோம். உட்கார்ந்து சாப்பிடுபவர் யார் என்று கேட்டிருக்க வேண்டும்.

6. வரலாற்றுச் சான்று

இந்தக் கோணத்தில் பார்த்தால் தஞ்சையின் பழைய விடுதித்தொழில் வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. இரண்டாம் சரபோஜி (1798-1832) சாப்பாட்டில் தேர்ந்தவர். சரசுவதி மகாலில் உள்ள சரபேந்திர பாகசாஸ்திரத்தில் ஆங்கிலேயர் முறைச் சமையல்கூட இருக்கிறது. அரண்மனையில் உயர்தர உணவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவ்வாய்வுக்கு முக்கியம் அரண்மனை அடுக்களை இல்லை, சத்திரம்.

இராமேசுவரம் போகும் வழிகளில் தஞ்சை மராட்டியர் சத்திரங்களை வரிசையாக அமைத்தார்கள். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரால் சரபோஜி கட்டியது இன்றும் நிற்கிறது. 1801-இல் அவர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று இச்சத்திரங்களின் நடைமுறையை விரிவாகச் சொல்கிறது. வழிப்போக்கர்கள் எந்தச் சாதியானாலும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியாகவும் மசாலாப் பொருட்களாகவும் தந்துவிடுவார்கள். கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாரேனும் இருந்தால் வரச்சொல்லி அறிவிப்பார்கள்.

கடைசிச் செய்தியை ஆய்வுலகம் உற்றுநோக்க வேண்டும். ‘இன்னும் சாப்பிடாதவர் யார்?’ என்று ஒரு நிறுவனமே மணியடித்துக் கேட்டிருக்கிறது. எந்த வீட்டிலும் இக்கேள்வி இவ்வளவு உரக்கக் கேட்கப்பட்டதில்லை. விடை எல்லாருக்கும் தெரியும் என்பது காரணமாக இருக்கலாம். சொந்த அடுப்படியிலிருந்து நடைப்பயணமாகக் கிளம்பிய ஒரு பெண், இன்னொருவர் வடித்த சோற்றின் முன்னால் உட்கார்ந்த இடம் சத்திரம். அங்கே அவரிடம் உப்புச் சரியா என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். சரியில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம்.

7. கிராமிய விடுதி: ஒரு நேரடிச் சோதனை

ஆற்றங்கரை விடுதிகளுக்கு வருவோம். மற்ற நாட்டுத் தீம் பார்க்குகள் கடற்கொள்ளையரையும் விண்வெளியையும் கருப்பொருளாகக் கொள்ள, இவை நம் தாத்தாவைக் கருப்பொருளாகக் கொண்டிருக்கின்றன. மாட்டுவண்டிச் சவாரி, கோலம்போடும் பயிற்சி, திண்ணையில் பல்லாங்குழி. தாத்தா வயல் வரப்பில் குடித்த நீராகாரம் மண்கலயத்தில், சின்ன வெங்காயம் துணைவர, விலைப்பட்டியலின் முதற்பக்கத்தில் வீற்றிருக்கிறது.

ஆய்வின் தேவை கருதி அத்தை அத்தகைய விடுதி ஒன்றுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். விலைப்பட்டியலைப் படித்ததும், “பழையதுக்குப் பில்லு போடுறானா! அப்ப நான் இத்தினி நாளு ஊத்துனதுக்கு உங்க மாமா எவ்வளோ பாக்கி?” என்று கேட்டார். மாமா சன்னல் வழியே காவிரியைப் பார்க்கத் தொடங்கினார்.

பிறகு அத்தை பழையதை விட்டுவிட்டுச் சுடுசோறும் வத்தக்குழம்பும் வரவழைத்தார். குழம்பில் வெந்தயம் தூக்கல் என்றார், அப்பளம் நமத்திருக்கிறது என்றார், இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினார். தண்ணீர் எடுத்துவர எழவில்லை. நெய் எங்கே என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. சாப்பாட்டின் தரம் வீட்டைவிடக் குறைவு என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயமில்லை. மறுபடி எப்போது வருவோம் என்று கேட்டதும் அவர்தான்.

8. முடிவும் பரிந்துரைகளும்

மேற்கண்டவற்றால் கீழ்க்காணும் வரையறை பெறப்படுகிறது: வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருபவர் எங்கே முதல் பந்தியில், சோறு ஆறுமுன், எழாமல் சாப்பிடுகிறாரோ அதுவே உயர்தர உணவகம். நட்சத்திரம், விரிப்பு, மங்கிய விளக்கு ஆகியவை இதற்குத் தேவையல்ல.

இவ்வரையறையின்படி கல்லணையில் கணவர் குழந்தையைத் தூக்கி வைத்திருக்க, மனைவி நின்றபடியே மீன் தின்னும் கடையும் உயர்தர உணவகமே. புளோரிடாச் சான்றின் இரண்டாம் பயனும் இங்கே விளங்குகிறது. 10 வயதுக்குட்பட்ட குழந்தை உள்ளே போக முடியாதென்றால் யாரோ ஒருவர் குழந்தையோடு அறையில் தங்க வேண்டும். பெரும்பாலும் அது யார் என்பதை மிஷலின் நடுவர்கள் ஆராயவில்லை. ஆராய்ந்திருந்தால் நட்சத்திரத்தைப் பற்றி மறுபடி யோசித்திருப்பார்கள்.

ஆகவே குடும்பக் கேளிக்கைத் தலத்தில் உயர்தர உணவு மிகமிகத் தேவை. அது ஒருவருக்காகத் தேவை. பரிந்துரைகள் வருமாறு. ஒன்று, வெளி உணவைத் தடுக்கும் பூங்காக்கள், அத்தடையால் அன்று காலை கூடுதலாக உறங்கியவர்கள் மகிழும்படியான சோற்றை உள்ளே நியாயமான விலையில் போட வேண்டும். இரண்டு, எல்லா உணவுக்கூடங்களிலும் சத்திரத்து மணியை மீண்டும் கட்ட வேண்டும். மூன்று, கட்டுச்சோறு நம் பண்பாடு என்பதில் கருத்து வேறுபாடு இல்லையாதலால், அப்பண்பாட்டைப் புகழ்ந்து பேசுகிறவர்களே முதல்நாள் இரவு புளி ஊறவைத்து, விடியுமுன் எழுந்து கிளறிக் கட்ட வேண்டும்.

இப்பரிந்துரைகள் குடும்பக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. முதலிரண்டும் கைதட்டலோடு ஏற்கப்பட்டன. மூன்றாவதைப் பெரியப்பா கொள்கையளவில் வரவேற்றார். நடைமுறைச் சிக்கல்களை ஆராய மாமா தலைமையில் குழு அமைக்கப்பட்டது. குழு கூடும் நாளில் உறுப்பினர்களுக்கு மதியச் சாப்பாடு அத்தை வீட்டில்.